கையெழுத்துப் போடாத ஜெனரல்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குச் சாயம் பூசிக்கொள்வேன். அறுபது தாண்டியவருக்கு இதெல்லாம் தேவையா என்று மகள் கேட்கிறாள். தேவையில்லைதான். ஆனால் சுங்கை சோவில் எங்கள் தாமான் குடியிருப்பில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் கருகருவென்று நடமாடும்போது நான் மட்டும் வெள்ளைத் தலையோடு நின்றால், பார்க்கிறவர்கள் என்னை அவர்களுக்கு மூத்த அண்ணன் என்று நினைக்கிறார்கள். போன வாரம் விலை மலிவு என்று ஒரு புது டப்பா வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறி, இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. மகள் பதறிப்போய் ஓடி வந்தாள். “ஒண்ணும் இல்லம்மா, பால் ஸ்டோர் ஞாபகம் வந்திருச்சு” என்றேன். அவளுக்குப் பால் என்றால் பெட்டியில் வருவது. அதை நினைத்து ஒரு மனிதர் ஏன் அழ வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்காவது சொல்லிவைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். கிராணி என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்து, எடையைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா ஊற்றுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் மரம் வெட்டினார்கள். அவர்களுடைய பாலையும் நான்தான் நிறுத்தேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன். அதில் ஒன்றில் மை இருக்காது. இரண்டு பேனா இருந்தால்தான் கிராணி மாதிரி இருக்கும் என்று அந்த வயதில் ஒரு நினைப்பு.

பால் ஸ்டோரில் ஒரு வழக்கம் இருந்தது. யாரோ ஒரு காலத்தில் பாலில் தண்ணீர் கலந்துவிட்டார்களாம். அன்றிலிருந்து பெரிய கிராணி வந்து நின்று பார்த்தால்தான் நிறுவை தொடங்கும். அவர் ஆபிசில் கோப்பியைக் குடித்துவிட்டுச் சாவியோடு வந்து சேர எப்படியும் அரைமணி நேரமாகும். அதுவரை எல்லோரும் தோளில் சுமந்து வந்த காண்டாக் கட்டையையும் வாளியையும் இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகையில் குந்தியிருப்பார்கள். விடியுமுன் எழுந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனவர்கள், பசி வேறு. அந்த அரைமணி நேரத்தில்தான் கியூபா நாட்டு ஜெனரல் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவரைக் கொண்டுவந்தது கறையான் தின்ற ஒரு புத்தகம். மாற்றலாகிப் போன மேனேஜர் பங்களாவில் விட்டுப்போன சாமான்களைக் கொளுத்தச் சொல்லியிருந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நான் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. நடுவில் ஒரு படம் இருந்தது. குதிரைமேல் ஒருவர், கருத்த முகம், முறுக்கிய மீசை, கையில் நீண்ட கத்தி. ஸ்பெயின்காரர்களின் ஆட்சியை எதிர்த்துக் கியூபாவின் விடுதலைக்காகச் சண்டை போட்ட தளபதி. அவர் பெயர் என் வாயில் ஒழுங்காக நுழையவில்லை. எங்கள் ஆட்களோ முயற்சிகூடச் செய்யவில்லை. ஆண்கள் “ஜெனரல்” என்றார்கள், பெண்கள் “மீசைக்காரர்” என்றார்கள்.

முதலில் எனக்காகத்தான் படித்தேன். கொட்டகையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தவனைப் பாக்கியம் அக்காதான் சீண்டினார். “என்னா தம்பி, தனியா சாப்புடுற மாதிரி தனியா படிக்கிற? எங்களுக்கும் சொல்லு லா.” பாக்கியம் அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் லோரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். யாராவது இரக்கப்பட்டு ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அவர் முந்திக்கொண்டு கேலி பேசிவிடுவார். அவர் கேட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படித்தான் நாளுக்கு இரண்டு பக்கம் என்று தொடங்கியது. என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஐந்தாம் படிவத்து ஆங்கிலம். கோலசிலாங்கூரில் ஒரு கடையில் அகராதி வாங்கி வைத்துக்கொண்டேன். அப்படியும் பாதி எனக்கே புரியாது, புரிந்த மாதிரி சொல்லிவிடுவேன். ஜெனரலின் தகப்பனார் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றி விற்றவர் என்று இருந்தது. கோவேறு கழுதையை எங்கள் தோட்டத்தில் யார் பார்த்தது? அவரை மாட்டுவண்டிக்காரர் ஆக்கினேன். கரும்புத் தோட்டத்து அடிமைகளின் குடிசைகள் எங்கள் வரிசை வீடுகளைப் போல லயங்கள் ஆயின. சவுக்கோடு நின்று வேலை வாங்கியவனை மண்டோர் என்றேன், கொட்டகையில் உடனே ஒரு சிரிப்பு எழுந்தது. எங்கள் மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. ஜெனரலின் கத்தியைப் பாராங் என்று சொன்னபோது ஒருவர் கையைத் தூக்கி, “நம்ம புல்லு வெட்டுற பாராங்கா?” என்று கேட்டார். கரும்பு வெட்டிய கத்திதான், அதே கத்தியால்தான் சண்டைக்கும் போனார்கள் என்றேன். அன்றைக்குப் பெரிய கிராணி வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளிகள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அவர்களுக்குப் புத்தகம் வாசிப்பாராம். தொழிலாளிகளே அவருக்குச் சம்பளம் கொடுப்பார்களாம். எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பாக்கியம் அக்கா மட்டும் சில நாள் வாழையிலையில் சுற்றிய இரண்டு பணியாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார். அதுவே போதும் என்றிருந்தது.

சுருட்டு என்றதும் சின்னப்பன் அண்ணன் ஞாபகம் வருகிறார். பாக்கியம் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையில்லாதவர். ஒரு நாள் புத்தகத்தைத் திறந்தால் குதிரைப் படத்தைக் காணோம். இரண்டு நாள் கழித்து, தோட்டத்து முனியாண்டி கோயில் மரத்தடியில் அது இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, முன்னால் எரிகிற சுருட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் முனிக்குச் சுருட்டு வைப்பது வழக்கம். மீசை, குதிரை, கையில் கத்தி என்று எல்லாம் பொருந்தியிருந்ததால் சின்னப்பன் அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய கிராணி பார்த்துவிட்டு, “இது எந்த ஊரு சாமி?” என்று கேட்டாராம். “தூரத்து ஊருங்க. இவரும் காவக்காரருதான்” என்றாராம் அண்ணன். நான் படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கியூபாக்காரருக்குச் சுருட்டு வைத்ததில் என்ன தப்பு?

ஜெனரலின் தாயாரைப் பற்றிப் படித்த நாள் கொட்டகையில் சண்டையே வந்துவிட்டது. அந்தத் தாய் தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் யுத்தத்துக்கு அனுப்பினார். ஒரு மகனைக் காயத்தோடு தூக்கி வந்தபோது, அழுகிறவர்களை விரட்டிவிட்டு, சின்ன மகனைப் பார்த்து நீயும் சீக்கிரம் வளர்ந்து கிளம்பு என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். ஆண்கள் பிரமாதம் என்று தலையாட்டினார்கள். பாக்கியம் அக்கா எழுந்துவிட்டார். “பெத்தவ பேசுற பேச்சா இது? நான்னா என் புள்ளைய வாளிக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பேன்.” ஆனால் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, “அந்தம்மா என்னா ஆச்சு?” என்று கேட்டவரும் அவர்தான்.

இனி என் தப்புக்கு வருகிறேன். பத்து வருடச் சண்டையில் இரண்டு பக்கமும் களைத்துப் போனபோது, ஸ்பெயின்காரர்கள் ஒரு சமாதான ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அதில் கியூபாவுக்கு விடுதலை இல்லை. சண்டையில் சேர்ந்த அடிமைகளுக்கு மட்டும் விடுதலை, தோட்டங்களில் கிடந்த மற்ற அடிமைகள் அப்படியே கிடக்க வேண்டியதுதான். தலைவர்கள் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஜெனரல், ஸ்பெயின் தளபதியை ஒரு மாந்தோப்பில் நேருக்கு நேர் சந்தித்து, முடியாது என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்லி முடித்ததும் பாக்கியம் அக்கா வாளியைத் தட்டினார். அடுத்தவர் தட்டினார். கொட்டகை முழுக்க வாளிச் சத்தம். அந்த இருபத்திரண்டு வயது வரை எனக்காக யாரும் அப்படித் தட்டியதில்லை. “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டார்கள். அடுத்த பக்கங்களை நான் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். சில வாரங்களிலேயே அவருடைய சண்டை ஓய்ந்துபோய், அவர் கப்பலேறி நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. அதை அந்தச் சத்தத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? “அப்புறம் என்னா, ஸ்பெயின்காரன் எறங்கி வந்துட்டான். எல்லாருக்கும் விடுதல” என்று சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டேன். கதை அத்தோடு முடிந்தது என்றும் சொன்னேன். எனக்காக வாளி தட்டின சந்தோஷத்தில் அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். தோட்டம் கைமாறுகிறது, ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. லயங்களைக் காலி செய்ய வேண்டும். சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிற குடும்பங்களுக்குத் தார்ச் சடக்கோரத்தில் ஆளுக்கொரு பலகை வீடு என்றார்கள். ஆனால் குடும்பத் தலைவர் நீல ஐசி, அதாவது நீல நிற அடையாள அட்டை, வைத்திருக்க வேண்டும். நீலம் என்றால் குடிமக்கள். எங்கள் லயத்தில் பதினோரு குடும்பம் சிவப்பு, குடியுரிமை இல்லாதவர்கள். சின்னப்பன் அண்ணன் இந்த மண்ணில்தான் பிறந்தார், தகப்பன் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் சிவப்பு. அவருக்கு வீடு கிடையாது, பேச்சும் கிடையாது. பாக்கியம் அக்காவுக்கு நீலம். பிறந்ததிலிருந்து லயத்தைத் தவிர வேறு கூரை தெரியாதவருக்குச் சொந்த வீடு காத்திருந்தது.

சம்மதப் படிவத்தை, எங்கள் பேச்சில் பாரத்தை, தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன ஆள் நான்தான், அதுதான் என் வேலை. முதல் கையெழுத்து என் அப்பாவுடையது. “நீ கிராணி. நம்ம மொதல்ல போட்டாத்தான் மத்தவங்க போடுவாங்க” என்றார். பாக்கியம் அக்கா வீட்டில் பேனாவை நீட்டினேன், மை இருக்கிற பேனாவைத்தான். அவர் வாங்கவில்லை.

“சின்னப்பண்ணனுக்கு உண்டா?”

“செவப்பு ஐசிக்கு இல்லக்கா.”

“அப்ப இது அந்தத் தாளுதானே தம்பி? மீசைக்காரருகிட்ட நீட்டுனாங்களே, அது? எல்லாரும் போடாம இருந்தா எறங்கி வருவாங்க லா. நீதானே சொன்ன!”

அவர் விளையாட்டுக்குப் பேசவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது நீல ஐசி குடும்பங்கள் போட மாட்டோம் என்று நின்றுவிட்டன. எல்லோரும் கொட்டகையில் வாளி தட்டியவர்கள்.

பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. புதுத் தோட்டத்தில் எனக்கு வேலை தரச் சொல்லி அவரே கடிதம் எழுதி மேசையில் வைத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. “உன் கதையால வந்த வினை இது. அந்த ஆளு கடைசியில என்னாதான்டா ஆனாரு?” என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “அதப் போயி அந்தம்மாகிட்ட சொல்லு. மத்தவங்க தானா வருவாங்க.”

மறுநாள் நிறுவை முடிந்து, ஸ்டோருக்குப் பின்னால் குழாயடியில் அக்கா வாளி கழுவிக்கொண்டிருந்தார். நான் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், ஆனால் உண்மைக்காகப் போகவில்லை. அதை இன்றைக்கு வரை நான் யாரிடமும் இப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை.

“அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய். ஸ்பெயின்காரன் எறங்கி வரல. ஜெனரல் தோத்துட்டாரு. கப்பல் ஏறி வேற ஊருக்குப் போயிட்டாரு.”

அவர் குழாயை மூடினார். வாளியைக் கவிழ்த்து வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“அங்க போயி செத்துட்டாரா?”

“இல்ல. ரொம்ப வருசம் கழிச்சு ஒரு சின்னப் படகுல திரும்பி வந்தாரு. மறுபடியும் சண்ட போட்டாரு.”

“திரும்பி வந்தாரா?”

“வந்தாரு.”

“அத மொதல்ல சொல்ல வேண்டியதுதானே!” என்று அதட்டினார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். மடித்த பாரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “போ தம்பி, வெயில்ல நிக்காத” என்றார்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. அவரோடு நின்ற ஒன்பதில் ஆறு குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து போட்டுவிட்டன. யாரையும் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளை வைத்திருந்தவர்கள். மீதியிருந்தவர்கள் மாதக்கணக்கில் பாதி இடிந்த லயத்தில் இருந்தார்கள். கடைசியில் சிவப்பு ஐசிக்காரர்களுக்கும் ஏதோ கொஞ்சம் பணமும் சாமான் ஏற்ற லோரியும் கிடைத்தன. அவர்கள் நின்றதால் கிடைத்தது அவ்வளவுதான். கையெழுத்துப் போடாதவர்களில் வீடு யாருக்கும் கிடைக்கவில்லை. பாக்கியம் அக்கா சுங்கை பஞ்சாங் பக்கம் நெல்வயல் வேலைக்குப் போனார். சின்னப்பன் அண்ணனையும் அவர் மனைவியையும் தன் சாமான் ஏற்றிய லோரியிலேயே ஏற்றிக்கொண்டார். அண்ணன் குதிரைப் படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நான் ஆபிஸ் சன்னலிலிருந்து பார்த்தேன், வெளியே போகவில்லை. என் வேலைக் கடிதத்தில் அதற்குள் கையெழுத்து விழுந்திருந்தது.

எண்பதுகள் முடிகிற நேரத்தில் என் அம்மா இறந்துபோனார். எப்படியோ செய்தி கேட்டு, மூன்று பஸ் மாறி, பாக்கியம் அக்கா எங்கள் பலகை வீட்டுக்கு வந்தார். ஐந்தாறு வருடத்தில் நன்றாக இளைத்திருந்தார், வெயிலில் முகம் இன்னும் கருத்திருந்தது. அம்மாவுக்காக நிஜமாகவே அழுதார். இருவரும் ஒரே நிரையில் மரம் வெட்டியவர்கள். எல்லாம் முடிந்து கோப்பி கொடுத்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல வீடு தம்பி. காத்து நல்லா வருது” என்றார். அதில் குத்தல் துளியும் இல்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்த மீசைக்காரரு திரும்பி வந்தாருன்னு சொன்னியே, கடைசியில ஜெயிச்சாரா?”

இந்தத் தடவை நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவுமில்லை.

“நாடு ஜெயிச்சிச்சு, ஸ்பெயின்காரன் போயிட்டான். ஆனா இவரு அதப் பாக்கல. ரெண்டு வருசம் முன்னாடியே சண்டையில சுட்டுட்டாங்க.”

“கையெழுத்துப் போடாமதானே செத்தாரு?”

“போடாமதான்.”

“அப்ப சரி” என்றார். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சின்னப்பன் அண்ணனுக்கு நீல ஐசி வந்ததா என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை.

இப்போது ஈஜோக் பக்கம் போனால் எனக்கே வழி தெரிவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதிலும் பாதி போய், காவலாளி நிற்கிற தாமான்கள் வந்துவிட்டன. பால் ஸ்டோர் எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட ஒரு கல்கூட இல்லை. மதியம் அரைமணி நேரம் ஐம்பது பேர் சும்மா உட்கார்ந்து ஒரே கதையைக் கேட்கும் வழக்கம் எங்கேயும் இல்லை. புத்தகத்தையும் எந்த மாற்றலிலோ தொலைத்துவிட்டேன். எங்கள் பலகை வீடும் இப்போது இல்லை. சடக்கை அகலமாக்க வேண்டும் என்று அந்த வரிசை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா போன பிறகு வீடு என் பெயரில் இருந்ததால் சம்மதத் தாள் எனக்குத்தான் வந்தது. சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று, கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்கள். போட்டுக் கொடுத்துவிட்டேன்.